இனிக்கிற மூங்கில்

ஜுனைதாவுக்கு எதைக் கண்டாலும் குமட்டும். பஜாரில் ஈ மொய்த்த பஜ்ஜித் தட்டு, பஸ் ஜன்னலில் யாரோ தலை சாய்த்துவிட்டுப் போன எண்ணெய்க் கறை, கூட்டத்தில் மைக்கைப் பிடித்தவர் அதற்குள்ளேயே இருமுகிற இருமல், எல்லாவற்றுக்கும் அவளிடம் ஒரே பதில்தான்: "சீ." அவள் அதைச் சொல்கிற விதத்தில் எதிரில் நிற்பவர் தன் சட்டையை ஒருமுறை குனிந்து பார்த்துக்கொள்வார். உத்திரமேரூரில் அவளுக்குச் 'சீ பாயம்மா' என்றே பெயர் விழுந்திருந்தது. அந்தப் பெயர் அவள் காதுக்கும் எட்டியது. அதற்கும் "சீ" என்றாள்.

இப்படிப்பட்டவளைத்தான் கூரத்திலிருந்து கொண்டுவந்து ஒரு மூங்கில் மண்டிக்காரருக்குக் கட்டிக் கொடுத்தார்கள். அகமது பாட்சாவின் மண்டி ஏரிக்கரை ஓரத்தில் இருந்தது. முன்பக்கம் கடை. ஏணி, பந்தல் கால், சாரம் கட்டுகிற கழி எல்லாம் அங்கே கிடைக்கும். பின்பக்கம் ஒரு குட்டை. சித்தூர்ப் பக்கமிருந்து லாரியில் வருகிற மூங்கிலைக் கட்டுக் கட்டாக அந்தக் குட்டையில் அமுக்கி, மேலே கல்லை ஏற்றி, ஒரு மாதம் ஊறப்போடுவார்கள். பத்தாம் நாள் தண்ணீர் கறுக்கும். பதினைந்தாம் நாள் நுரை கட்டும். இருபதாம் நாள், அழுகின முட்டையையும் செத்த எலியையும் ஒரே பானையில் போட்டு மூடித் திறந்த மாதிரி ஒரு நாற்றம் கிளம்பித் தெருவைத் தாண்டும். பத்தொன்பது வயதில் மருமகளாக வந்த ஜுனைதா முதல் வாரம் முழுக்க வாந்தி எடுத்தாள். விஷயம் தெரியாத அக்கம்பக்கத்தார் நல்ல சேதி என்று நினைத்துக்கொண்டு சர்க்கரை கொடுத்தனுப்பினார்கள்.

எதற்காக ஊறப்போட வேண்டும் என்று கேட்டால் புருஷனுக்குச் சொல்லத் தெரியவில்லை. "எங்க அத்தா போட்டாரு. நானும் போடறேன்" என்றார். அடுத்த வருஷம் ஒரு அவசரத்தில் ஊறாத மூங்கிலில் கட்டில் கட்டி விற்றார்கள். நாலே மாதத்தில் கட்டில் திரும்பி வந்தது. தட்டினால் மாவு கொட்டியது. காலெல்லாம் ஊசி குத்தின மாதிரி ஓட்டைகள். ஓட்டைக்கு ஒரு வண்டு, எள் அளவுக்கு, கறுப்பாக.

"அப்படி இன்னா ருசி கீது இதுல, இப்பிடித் துன்றதுக்கு?" என்று ஆத்திரத்தோடு கட்டில் காலிலிருந்து நார் மாதிரி ஒரு சிம்பை உரித்து வாயில் போட்டு மென்றாள் ஜுனைதா. இனித்தது. மெல்ல மெல்லப் பச்சரிசியை மென்ற மாதிரி இனித்தது. குட்டையிலிருந்து எடுத்துக் காயவைத்த கழியில் இன்னொரு சிம்பை உரித்து மென்றாள். சப்பென்று இருந்தது. புழுவுக்குப் போட அதில் ஒன்றும் மிச்சமில்லை. குட்டைத் தண்ணீர் அந்த இனிப்பைத் தின்றுதான் அப்படி நாறுகிறது என்பது அவளுக்குப் புரிந்தது.

அன்றிலிருந்து கட்டுக்கு ஒரு கழியில் சிம்பு உரித்து, அவள் மென்று துப்பின பிறகுதான் விற்பனை. இனித்தால் திரும்பக் குட்டை. பிறத்தியார் வீட்டு டம்ளரில் தண்ணீர் குடிக்கக் கூசுகிறவள் அந்த நாறின மூங்கிலை மட்டும் முகம் சுளிக்காமல் வாயில் போடுவாள்.

இருபது வருஷம் இப்படிப் போனது. இரண்டாயிரத்து மூன்றாம் வருஷம் மெட்ராஸிலிருந்து ஒரு டிரஸ்ட் வந்து இறங்கியது. மாகறல் போகிற ரோட்டில் ஷெட் போட்டு மெஷின்களை இறக்கினார்கள். மூங்கிலைப் பிளந்து பட்டையாக்கி, இழைத்து, பசை தடவி, ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, பிரஸ்ஸில் கொடுத்து இறுக்கினால் தேக்கு மாதிரி உத்தரம் வரும் என்றார்கள். காட்டு மரத்தை வெட்ட வேண்டாம், மூங்கில் நாலு வருஷத்தில் திரும்ப வளர்ந்துவிடும். கட்டடம் முழுக்கப் போல்ட்டு நட்டுதான். வேண்டாமென்றால் கழற்றி வேறு ஊரில் மாட்டலாம். ஒரு துண்டு கெட்டால் அந்தத் துண்டை மட்டும் மாற்றலாம். எதுவும் குப்பைக்குப் போகாது. இதையெல்லாம் வழவழப்பான காகிதத்தில் கலர் கலராக அச்சடித்து, படித்த கையோடு கீழே போட்டுவிட்டுப் போகிற ஜனங்களுக்குக் கொடுத்தார்கள். ஷெட் வாசலில் அந்தக் காகிதம் கணுக்கால் உயரத்துக்குக் கிடந்தது. "குப்பை இல்லன்றத சொல்றதுக்கே இவ்ளோ குப்பையா" என்றாள் ஜுனைதா.

ஆனால் பிரஸ்ஸிலிருந்து முதல் உத்தரம் வெளியே வந்தபோது அவளும் அங்கே இருந்தாள். சூடு ஆறாத அந்த உத்தரத்தின் மேல் உள்ளங்கையை வைத்தாள். பட்டைகள் வரிவரியாக, தேன் நிறத்தில், மயிர் நுழைய இடமில்லாமல் ஒன்றையொன்று பிடித்திருந்தன. ஏதாவது குறை சொல்லலாம் என்று இரண்டு முறை சுற்றி வந்தாள். அகப்படவில்லை. வாழ்க்கையில் அவள் வாயிலிருந்து "சீ" வராமல் போன இடங்களில் அது ஒன்று. டிரஸ்ட்டுக்கு மூங்கில் அவள் மண்டியிலிருந்துதான் போக வேண்டும், அவள் குட்டையில் ஊறித்தான் போக வேண்டும் என்று பேச்சானது.

முதல் கட்டடம் காவாந்தண்டலத்தில். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் உட்கார்ந்து மதியச் சோறு தின்ன ஒரு கூடம். ஊர்க் கூட்டத்தில் சத்துணவுச் சமையல்காரி சிட்டம்மாள் வாயில் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு எழுந்து நின்றாள். குரல் ஊருக்கே கேட்கும்.

"மூங்கிலா? முன்ன ஒரு மூங்கில் கொட்டாய் இருந்திச்சே, தெரியாதா உங்களுக்கு? சோத்துல மாவு கொட்டும். கொயந்தைங்க சோத்த துன்னுச்சா புழுப் பீய துன்னுச்சான்னு எனுக்கே தெர்ல. மறுபடியும் அதே கருமமா?"

கூட்டம் சிரித்தது. டிரஸ்ட் ஆட்கள் காகிதத்தைப் புரட்டினார்கள். ஜுனைதாவுக்கு உடம்பு கூசியது. பிள்ளைகளின் சோற்றில் வண்டின் கழிவு. நினைத்தாலே தொண்டைக்கு வந்தது. எழுந்துவிட்டாள்.

"இந்தா சிட்டம்மா. என் மூங்கில்ல ஒரு சிட்டிகை மாவு கொட்டினா, நீ வெத்தல போட்ட வாயோட என் மூஞ்சில துப்பு. ஊருக்கு முன்னால துப்பு. நான் தொடச்சிக்க மாட்டேன்."

சீ பாயம்மா மூஞ்சியில் எச்சில்! அவளைத் தெரிந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய வார்த்தை என்று தெரியும். சிட்டம்மாள் அவளை மேலும் கீழும் பார்த்தாள். "சரி பாயம்மா. மறந்துடாத" என்று உட்கார்ந்தாள்.

டிரஸ்ட்டின் ஷெட்டைப் பார்த்துக்கொண்டவர் எத்திராஜ். காஞ்சிபுரத்தில் பட்டு நெய்கிற வீட்டுப் பிள்ளை, டிப்ளமோ படித்தவர். மடிப்புக் கலையாத சட்டை, கைக்குட்டையில் சென்ட். குட்டைப் பக்கம் வந்தால் கைக்குட்டையை மூக்கில் அமுக்கிக்கொண்டு, அதன் வழியாகவே பேசுவார். கூடத்துக்குப் பத்து உத்தரம். ஆறு உத்தரத்துக்கான மூங்கில் ஊறி, அவள் மென்று பார்த்து, ஷெட்டுக்குப் போய்விட்டது. மீதி நாலுக்கானது குட்டையில் இருந்தது.

"இன்னும் எத்தினி நாளும்மா? ஷெட்ல வேல செய்ற பொம்பளைங்க நாத்தம் தாங்கலன்னு வர மாட்டேன்றாங்க."

"ஒரு வாரம்."

"எனுக்கு ஒண்ணு புரியல. எங்க வூட்ல பாவுக்குக் கஞ்சி போட்டாத்தான் இழை அறாம நிக்கும். கஞ்சி இல்லாத பாவு தறியில ஏறுமா? நீங்க இன்னாடான்னா மூங்கில்ல இருக்கிற கஞ்சிய மாசக்கணக்குல கழுவி ஊத்திக்கினு கீறீங்க. பலமே போய்டாதா?"

"நைனா, உங்க புழு பட்டு நூலு கட்டுது, நீங்க நெய்றீங்க. இது கட்ற புழு இல்ல. துன்ற புழு."

அவர் சிரித்தார். கைக்குட்டைக்குள் சிரித்ததால் அவர் நம்பினாரா இல்லையா என்று தெரியவில்லை.

அந்த வாரம் கூரத்தில் அவள் தம்பி மகள் ஷப்ரீனுக்குக் கல்யாணம். ஜுனைதா நாலு நாள் போய் இருந்தாள். புதுப் புடவை, அத்தர் எல்லாம் போட்டுக்கொண்டுதான் போனாள். ஆனாலும் பெண்கள் உட்கார்ந்திருந்த பாயில் அவள் போய் உட்கார்ந்ததும், பக்கத்திலிருந்தவள் முந்தானையை மூக்குக்குக் கொண்டுபோனாள். அதற்கடுத்தவள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தாள். கொஞ்ச நேரத்தில் பாயில் அவளைச் சுற்றி ஒரு ஆள் இடம் காலியாக இருந்தது. இருபது வருஷமாக உலகத்தைப் பார்த்து முகம் சுளித்தவளைப் பார்த்து உலகம் முகம் சுளித்தது. ஜுனைதா தன் உள்ளங்கையை முகர்ந்து பார்த்தாள். குட்டை நாற்றம் தோலுக்குள் இருந்தது.

வீடு திரும்பி மூன்று நாள் சீயக்காய் போட்டுத் தேய்த்துக் குளித்தாள். குட்டைப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. நாலு உத்தரத்துக்கான மூங்கில் ஷெட்டுக்குப் போய்விட்டதாகப் புருஷன் சொன்னார். "மென்னு பாத்தீங்களா?" என்று கேட்டாள். "பாத்தாச்சு, பாத்தாச்சு" என்றார். வழக்கமாக இருந்தால் ஓடிப்போய் ஒரு சிம்பு உரித்திருப்பாள். அன்று போகவில்லை. போகப் பிடிக்கவில்லை.

பொங்கல் முடிந்து கூடம் திறந்தார்கள். அதிகாரிகள் வந்தார்கள், மாலை வந்தது, ரோஜா இதழ் பிள்ளைகளின் காலடியில் மிதிபட்டுச் சேறானது. கூடம் நாறவே இல்லை. புது வார்னிஷ் வாசனை மட்டும் இருந்தது. ஜுனைதா அத்தர் போட்டுக்கொண்டு கடைசி வரிசையில் நின்றாள். கடைசியாகப் போன நாலு உத்தரமாவது கொஞ்சம் நாறியிருக்க வேண்டுமே என்று ஒரு நினைப்பு வந்தது. வார்னிஷ் அமுக்கிவிட்டது போலிருக்கிறது என்று அதை அவளே அமுக்கிவிட்டாள்.

ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்து இரண்டாம் வாரம். காலை நாஷ்டா முடிந்த நேரத்துக்குச் சிட்டம்மாள் பஸ் ஏறி மண்டிக்கு வந்தாள். கையில் ஒரு அலுமினியத் தட்டு, மேலே இன்னொரு தட்டு கவிழ்த்து மூடியிருந்தது. ஜுனைதாவின் முன்னால் வைத்துத் திறந்தாள். நேற்றைய சாம்பார் சோறு, ஓரமெல்லாம் காய்ந்து கிடந்தது. அதன் மேல் சலித்த மாதிரி மாவு. மாவின் நடுவில் ஒரு வண்டு, கால்களை மடக்கிக்கொண்டு.

"ரெண்டாங்கிளாஸ் பொண்ணு ஒண்ணு பாதி சோத்த துன்ட்டு, அப்புறம்தான் காட்டிச்சு பாயம்மா" என்றாள் சிட்டம்மாள். அவள் குரல் அன்றைக்குத்தான் சின்னதாக இருந்தது.

ஜுனைதா வாயைப் பொத்திக்கொண்டு பின்பக்கம் ஓடினாள். திரும்பி வந்தபோது கண் சிவந்திருந்தது. மண்டியிலிருந்து ஒரு ஏணியையும் சிம்பு உரிக்கிற கத்தியையும் ஆட்டோவில் ஏற்றச் சொன்னாள். புருஷன் "நானும் வரட்டுமா?" என்றார். அவள் அவரைப் பார்த்தாள். அவர் பில் புத்தகத்தைப் பார்த்தார்.

காவாந்தண்டலத்தில் இடைவேளை மணி அடித்திருந்தது. பிள்ளைகள் வாசலில் கூடிவிட்டார்கள். ஜுனைதா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏணியில் ஏறி, முதல் உத்தரத்தின் மறைவான பக்கத்தில் கத்தியால் ஒரு சிம்பு எடுத்து மென்றாள். வார்னிஷும் பசையும் நாக்கைச் சுட்டன. அதற்கடியில் சப்பென்று இருந்தது. துப்பினாள். இரண்டாவது சப்பு. மூன்றாவது சப்பு. ஒவ்வொரு தடவை துப்பும்போதும் பிள்ளைகள் எண்ணினார்கள். ஏழாவதில் கத்தி பட்டதும் மாவு அவள் முகத்தில் கொட்டியது. மென்றாள். இனித்தது. எட்டு, ஒன்பது, பத்து, நாலும் இனித்தன.

அதற்குள் யாரோ சொல்லி எத்திராஜ் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். ஓட்டைகளை அண்ணாந்து பார்த்தார். கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைத்தார்.

"ஒண்ணும் இல்லம்மா. கெரசின் வச்சுத் தொடச்சிட்டு ஒரு கோட் பெயிண்ட் அடிச்சிட்டா வெளிய தெரியாது. வர வெள்ளிக்கிழமை ஆபீஸ்லேர்ந்து போட்டோ எடுக்க வராங்க. அது வரைக்கும் பேஜார் பண்ணாதீங்க."

"வெளிய தெரியாது. உள்ள?"

"உள்ள யாரு பாக்கப் போறா?"

ஜுனைதா ஏணியிலிருந்து இறங்கினாள். கையிலிருந்த சிம்பை நீட்டினாள். "மெல்லு."

"இன்னாம்மா இது..."

"கொயந்தைங்க பாத்துக்கினு கீது. மெல்லு நைனா. உன்னிய வெஷமா துன்னச் சொல்றேன்? அதுங்க சோத்துல நேத்து கொட்டினதுதான்."

பிள்ளைகள் நூறு பேரும் அவர் வாயைப் பார்த்தார்கள். எத்திராஜ் மென்றார். மெல்ல மெல்ல அவர் முகம் மாறியது. அவருக்குத் தெரிந்த ருசிதான் அது. தெருவில் பாவு நூலை நீட்டிக் கஞ்சி போடுகிற விடியற்காலைகளில், சின்ன வயதில், விரலால் வழித்து நக்கின ருசி. அவர் மெதுவாகச் சொன்னார்: "நீங்க கல்யாணத்துக்குப் போயிருந்தப்ப பாட்சா பாய் கிட்ட கேட்டேன். ஊறாத கட்டு நாலு கீதுன்னாரு. எடுத்துக்கினேன். நாறாம இருந்திச்சு. கஞ்சியோட இருந்தா இன்னும் ஸ்ட்ராங்கா இருக்கும்னுதான்..."

"ஊறினது?"

"ஷெட்டுக்குப் பின்னால. பாய் அப்புறமா அனுப்பினத அப்படியே தார்ப்பாய் போட்டு மூடி வச்சிருக்கேன்."

அது ஆறு மாதம் தார்ப்பாய்க்குள் வெந்து கறுப்புப் பூஞ்சணம் பிடித்துக் கிடந்ததைப் பிறகு போய்ப் பார்த்தாள். தொட்டால் கையோடு வந்தது. மென்று பார்க்கக்கூட லாயக்கில்லை.

அவளுக்கு எல்லார் மேலும் அருவருப்பாக இருந்தது. சென்ட் கைக்குட்டை மேல், பொய் சொன்ன புருஷன் மேல், பாயில் நகர்ந்து உட்கார்ந்த சொந்தக்காரிகள் மேல். எல்லாவற்றுக்கும் மேலாக, நாற்றத்துக்கு வெட்கப்பட்டு மூன்று நாள் சீயக்காய் தேய்த்துக்கொண்டிருந்த தன்மேல். அந்த மூன்று நாளில் ஒரு நாள் போய் ஒரு சிம்பு மென்றிருந்தால் அந்தப் பெண் பிள்ளையின் தட்டில் மாவு விழுந்திருக்காது.

கூடத்தின் நடுவில், ஊர்க்காரர்கள் நாலைந்து பேரும் டீச்சர்களும் பார்த்திருக்க, சிட்டம்மாளின் முன்னால் போய் நின்றாள். முக்காட்டைப் பின்னால் தள்ளினாள். கண்ணை மூடிக்கொண்டாள்.

"துப்பு."

சிட்டம்மாள் வெற்றிலையை மென்றுகொண்டுதான் இருந்தாள். அவள் கன்னம் ஒருமுறை உப்பியது. பிறகு ஜன்னல் பக்கம் போய் வெளியே துப்பிவிட்டு வந்தாள்.

"இப்ப வாய் காலி பாயம்மா. வெறும் வாயோட துப்பினா உன் மருவாதிக்கு ஆவுமா? மொதல்ல இந்தக் கருமத்தக் கழட்டு. துப்பறது எங்க போய்டப் போவுது."

ஜுனைதா கண்ணைத் திறந்தாள். எத்திராஜிடம் திரும்பினாள். "கழட்டி மாட்டலாம், கெட்டத மட்டும் மாத்தலாம்னு காகிதம் காகிதமா அடிச்சுக் குடுத்தீங்களே. கழட்டுங்க."

"போட்டோவுக்கு வராங்கம்மா..."

"வரட்டும். கழட்டறத போட்டோ எடுக்கட்டும். குப்பைக்குப் போவாதுன்னா எப்படிப் போவாதுன்னு ஊரு பாக்கட்டும்."

எத்திராஜ் மோட்டார் சைக்கிள் பெட்டியைத் திறந்து ஸ்பானரை எடுத்துவந்தார். ஜுனைதாவின் மண்டியிலிருந்து சவுக்குக் கழி வரவழைத்துக் கூரைக்கு முட்டுக் கொடுத்தார்கள். போல்ட்டுகள் ஒவ்வொன்றாகக் கழன்றன. துருப்பிடிக்காமல், காகிதத்தில் எழுதியிருந்தபடியே கழன்றன. அதை மட்டும் அவளால் குறை சொல்ல முடியவில்லை. இறக்கின நாலு உத்தரத்தையும் தரையில் போட்டபோது பக்கத்துக்கு ஒரு படி மாவு கொட்டியது. அடுப்புக்கு ஆகும் என்று ஒருவர் தூக்கப்போனார். பசைப் புகை சோற்றில் இறங்கும், செங்கல் சூளைக்குப் போகட்டும் என்று தடுத்தாள். வெள்ளிக்கிழமை ஆபீஸ்காரர்கள் வந்து, முட்டுக் கழி நடுவே நின்று என்ன செய்வதென்று தெரியாமல் மூன்று போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள். அடுத்த மாதம் எத்திராஜை வேறு ஊருக்கு மாற்றிவிட்டதாகச் சேதி வந்தது. அதற்கு முன்னால் அவர் ஒரு காரியம் செய்தார். புது மூங்கில் குட்டையில் கிடந்த முப்பது நாளும் தினம் சாயங்காலம் வந்து, கைக்குட்டை இல்லாமல், கரையில் நின்றுவிட்டுப் போனார். ஒருநாள் வாந்தி எடுத்தார். ஜுனைதா தண்ணீர் கொடுத்தாள், அவளுடைய சொந்த டம்ளரில்.

அகமது பாட்சாவுக்குத் தண்டனையாக அவள் ஒன்றும் சொல்லவில்லை. கட்டு மென்று பார்க்கிற வேலையை அவருக்குக் கொடுத்தாள். மெல்லும்போது பக்கத்திலேயே நின்று அவர் தாடையைப் பார்த்தாள்.

புது நாலு உத்தரமும் ஆடிக் கடைசியில் மாட்டப்பட்டன. இந்தத் தடவை வார்னிஷ் வேண்டாம் என்றாள். கூடம் நாறியது. பிள்ளைகள் இடது கையால் மூக்கைப் பிடித்துக்கொண்டு வலது கையால் சோறு தின்றார்கள். டீச்சர்கள் முகம் சுளித்தார்கள். ஜுனைதா அந்தப் பந்திக்கு நடுவில், யாரும் நகர்ந்து உட்கார இடமில்லாத இடத்தில், சம்மணம் போட்டு உட்கார்ந்து ஒவ்வொரு தட்டாகப் பார்த்தாள். சோறு வெள்ளையாக இருந்தது. மேலே ஒன்றும் இல்லை.

பந்தி முடிந்து சிட்டம்மாள் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். மடியிலிருந்து வெற்றிலையை எடுத்துச் சுண்ணாம்பு தடவினாள். நிதானமாக மடித்து வாயில் போட்டு, ஜுனைதாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு மென்றாள்.

ஜுனைதா இரண்டடி தள்ளி உட்கார்ந்தாள்.

"சீ" என்றாள்.